திருப்பூரில் எண் போட்ட நிறங்கள்

1951இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் பாமர் பெயின்ட் நிறுவனம் 'கிராஃப்ட் மாஸ்டர்' என்ற பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. உள்ளே கட்டம் கட்டமாகக் கோடு போட்ட படம், எண் ஒட்டிய வண்ணக் குப்பிகள், தூரிகை. 3 என்று குறித்த கட்டத்தில் 3ஆம் வண்ணத்தைத் தீட்டிக்கொண்டே போனால் வீட்டுக் கூடத்திலேயே ஓவியம் முடிந்துவிடும். லியனார்டோ டா வின்சி தம் மாணவர்களுக்கு எண்ணிட்ட பகுதிகளைப் பிரித்துக் கொடுத்தார் என்று கேள்விப்பட்டதே இதற்குத் தூண்டுதல் என்றார் வடிவமைத்த டான் ராபின்ஸ். கோடிக்கு மேல் பெட்டிகள் விற்றன. கலை விமர்சகர்களோ, எண் வந்த இடத்தில் கண்ணுக்கு வேலையில்லை என்று ஒதுக்கினார்கள். அது தவறான தீர்ப்பு என்பதற்குத் திருப்பூர்ப் பிரிண்டிங் பட்டறைகளின் வரலாறு போதும்.

திருப்பூரை நெடுங்காலம் வாழவைத்தது வெள்ளை பனியன். 1970களின் இறுதியில் ஐரோப்பிய வியாபாரிகள் வரத் தொடங்கி, 80களில் ஏற்றுமதி பெருகியபோதுதான் நிறமும் படமும் பெருவாரியாக நுழைந்தன. படம் வந்தால் அதை நிறம் நிறமாகப் பிரித்தாக வேண்டும்: ஆறு நிறத்துக்கு ஆறு ஸ்கிரீன், அதாவது அச்சுச் சல்லடை. கணினி வருவதற்கு முன் ஆர்ட்டிஸ்ட் ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனி பிலிமில் கறுப்பு மையால் வரைந்தார். ஒரு முழுப் படத்தை ஆறு துண்டுக் கறுப்பாக மனத்தில் பார்க்கத் தெரிந்தவரால்தான் அது முடியும். பிறகு நீண்ட மேசையில் பசை தடவி ஒட்டிய துணியின் மேல் ஸ்கிரீனை வைத்து, மையைத் தள்ளும் ரப்பர் பட்டையான ஸ்க்வீஜியை இழுக்க வேண்டும். பின்னலாடைத் துணியோ இழுத்தால் நீளும். ஒரு நூல் அகலம் விலகினாலும் இரண்டு நிறத்துக்கு நடுவே வெள்ளை பல்லிளிக்கும்.

நிறத்துக்கும் எண் உண்டு. பேண்டோன் நிறுவனம் 1963இல் தொடங்கிய முறையின் துணிக்கான வடிவில் நிறங்களுக்கு ஆறு இலக்கம். 19-4052 என்றால் ஒரு நீலம்: முதல் இரண்டு இலக்கம் வெளிர்வையும் அடர்வையும், நடு இரண்டு நிறத்தையும், கடைசி இரண்டு அதன் செறிவையும் சொல்லும். இவ்வளவு துல்லியமான எண் இருந்தும் வாங்கும் பையர் 'ஸ்ட்ரைக் ஆஃப்', அதாவது துணியில் அச்சிட்ட மாதிரி, கேட்கிறார். துணி மாறினால் அதே எண் வேறாகத் தெரியும். பகல் வெளிச்சத்தில் ஒத்துப்போன நிறம் கடை விளக்கில் பிரிந்து நிற்கும். அதனால்தான் பலவகை விளக்குகள் உள்ள லைட் பாக்ஸில் வைத்து, சாய மாஸ்டர் கண்ணால் பார்த்து, இன்னும் துளி மஞ்சள் என்கிறார். எண் சொல்வது போய்ச் சேர வேண்டிய இடத்தை மட்டுமே.

படம் பட்டறைக்காரர்களுடையதல்லவே, சொன்னதைச் செய்பவர்கள்தானே என்று கேட்கலாம். உண்மைதான், எந்தப் படம், எந்த நிறம் என்று தீர்மானிப்பவர் கடல் கடந்து இருக்கிறார். ஆனால் படத்தைக் கற்பனை செய்வது ஒரு திறமை, அதை ஆயிரம் துணியில் பிசகாமல் நிறுத்துவது இன்னொரு திறமை. முதலாவது இல்லை என்பதால் இரண்டாவதை இல்லையென்பது நியாயமல்ல. பொழுதுபோக்கையும் கூலி வேலையையும் ஒப்பிடலாமா என்பது இதைவிடக் கனமான கேள்வி. வீட்டில் கோடு தாண்டினால் யாருக்கும் நட்டமில்லை. பட்டறையில் அது ரிஜெக்ட். அந்த வேறுபாட்டை ஒப்புக்கொள்கிறேன். பிழைக்கு விலை இருக்கும் இடத்தில் கண்ணின் பங்கு கூடத்தான் செய்யும்.

அந்த அமெரிக்கப் பெட்டிகளுக்கு 2001இல் வாஷிங்டனின் தேசிய அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகம் தனிக் கண்காட்சியே வைத்தது. திருப்பூர் ஸ்கிரீனோ ஆர்டர் முடிந்ததும் கழுவப்பட்டு அடுத்த படத்துக்குப் போய்விடும். கையால் வரைந்த பழைய பிலிம்கள் பட்டறைகளில் எங்கே கிடைத்தாலும், அவற்றை வரைந்தவர்களின் பெயர்களோடு இப்போதே சேகரிக்க வேண்டும்.