சட்டம் நீக்கிய விலங்கும் வழக்கம் பூட்டிய விலங்கும்



ஒரு சமூகத்தில் அதிகாரம் எங்கே உறைகின்றது? அரசன் கோலிலா, நிலமுடையோன் கையிலா, அன்றி வழக்கம் என்று நாம் போற்றும் பழமையிலா? இவ்வினாவுக்கு யாழ்ப்பாணத்து வரலாறே விடை பகரும்.

ஒல்லாந்தர் ஆட்சியிலே திசாவையாயிருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர், யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கங்களைத் திரட்டி, 1707இல் தேசவழமை என்னும் தொகுப்பாக்கினார். அதனைப் பரிசீலித்து உடன்பட்டவர் 12 முதலிமார். சொத்துரிமை பற்றிய விதிகளோடு அடிமைகளைப் பற்றிய விதிகளும் அதில் இடம்பெற்றன. ஆயின், அவ்விதிகளின் பாரத்தைச் சுமந்தோருள் ஒருவரேனும் அப்பன்னிருவருள் இல்லை. மேலோர் சொல் ஊர் வழக்கமாயிற்று, வழக்கம் சட்டமாயிற்று. 1806இல் ஆங்கிலேயரும் அதனை உறுதிப்படுத்தினர்.

1844இல் இலங்கையில் அடிமைமுறை சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. எனினும், நிலம் எவர் கையில் இருந்ததோ பெரும்பாலும் அவர் கையிலேயே நிலைத்தது. வற்றாத ஆறில்லாத குடாநாட்டிலே கிணறே உயிர்நாடி. அக்கிணற்றில் தம் கையால் நீர் அள்ளும் உரிமை ஒடுக்கப்பட்டோர்க்கு இல்லை. பிறர் வந்து வார்க்கும்வரை குடத்தோடு காத்து நின்றனர். கோயிற் கதவும் அவர்க்கு அடைபட்டிருந்தது. பாடசாலைகளிலே அவர்தம் பிள்ளைகள் தரையில் அமர்த்தப்பட்டனர். சம ஆசனம், சம போசனம் என்ற நியாயமான கோரிக்கைகளும் 1920களில் கடும் எதிர்ப்பைச் சந்தித்தன.

இதன் காரணம் யாது? சமூகவியலறிஞர் மக்ஸ் வெபர், பொருளால் அமையும் வர்க்கத்தையும் பிறர் அளிக்கும் மதிப்பால் அமையும் அந்தஸ்தையும் வேறுபடுத்திக் காட்டினார். இவ்விரண்டும் அதிகாரத்தின் இரு தூண்கள் எனலாம். 1844ஆம் ஆண்டுச் சட்டம் மனிதனை மனிதன் உடைமையாக வைத்திருக்கும் உரிமையை நீக்கிற்று. தூண்கள் இரண்டையும் அது தொடவில்லை.

1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. செல்வனுக்கும் ஏழைக்கும் ஒரே வாக்கு. பின்னர், பொது இடங்களில் சாதி காரணமாகத் தடைவிதித்தலைக் குற்றமாக்கும் சட்டம் 1957இல் நிறைவேறிற்று. அதற்குப் பதினோராண்டுகளின் பின், 1968இலும், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் உட்செல்லும் உரிமைக்காக மக்கள் போராட நேர்ந்தது.

ஆகவே, நேயர்களே, சட்டம் வேண்டாததன்று. அஃதின்றேல் உரிமை கேட்போனுக்குப் பிடிகொம்பில்லை. ஆனால் ஏட்டில் எழுதப்பட்ட சமத்துவத்தின் உண்மையை உரைத்துப் பார்க்கும் இடம் கிணற்றடியே. அங்கு வருவோர் யாவரும் தம் கையாலேயே நீர் அள்ளுகின்றனரா என்பதே கேள்வி.