முயலுக்கு ஏர் ரைபிள்: வாங்கும் முன் தெரிந்துகொள்ளுங்கள்

நிலக்கடலை முளைத்து நாலு இலை விட்டதும் காரிமங்கலம் பக்கம் முயல் தொல்லை தொடங்கிவிடும். வரப்போரம் இரண்டு மூன்று சால் ஒரே இரவில் மொட்டையாகிவிடும். "ஐம்பது, நூறு மீட்டரில் முயல் அடிக்க எந்த ஏர் ரைபிள் நல்லது?" என்ற கேள்வி இதனால்தான் வருகிறது.

முயலை எந்த ரைபிளாலும் அடிக்கக் கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில், 2022 திருத்தத்துக்குப் பின் முயலும் காட்டுப்பன்றியும் இரண்டாம் பட்டியலிலும், மயிலும் உடும்பும் முதல் பட்டியலிலும் உள்ளன. சொந்தப் பட்டா நிலம் என்பதால் விலக்கு கிடையாது. கண்ணி வைப்பதும், குறி தவறிய முயற்சியும்கூட வேட்டைதான். முயலுக்கு 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம். மயில் என்றால் குறைந்தது 3 ஆண்டு சிறை. துப்பாக்கியோடு, போன பைக்கும் பறிமுதலாகும்.

"இதற்கு லைசென்ஸ் வேண்டாம்" என்று கடைக்காரர் சொல்வதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, 20 ஜூலுக்கு மேற்படாத 4.5 மி.மீ. ஏர் ரைபிளை உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம். இந்த விலக்கு துப்பாக்கி வைத்திருப்பதற்கு மட்டுமே, வேட்டைக்கு அல்ல. வெளிநாட்டு வீடியோக்களில் காட்டும் வேட்டை ரைபிள்கள் பெரும்பாலும் 20 ஜூலைத் தாண்டியவை. அவற்றுக்கு உரிமம் கட்டாயம்.

தூரக் கணக்கையும் பாருங்கள். அரை கிராம் ஈயக் குண்டு 20 ஜூலில் நொடிக்கு சுமார் 280 மீட்டர் வேகத்தில் கிளம்பும். 50 மீட்டர் போவதற்குள் ஏறக்குறைய ஒரு சாண் கீழே இறங்கிவிடும். காற்றடித்தால் பக்கவாட்டிலும் விலகும். நூறு மீட்டரில் சாகடிக்கும் என்பது விளம்பரப் பேச்சு. அடிபட்ட பிராணி புதருக்குள் போய் இரண்டு நாள் துடித்துச் சாகும்.

குறி பழகவோ, தானியக் கொட்டகையில் திரியும் வீட்டெலிக்கோ வாங்குகிறீர்கள் என்றால் சரி. அதற்குப் பத்து, பதினைந்து மீட்டர் போதும். குழலை மடக்கி ஏற்றும் ஸ்பிரிங் வகை விலை குறைவு, பழுதும் குறைவு. ஆனால் சுடும்போது முன்னும் பின்னும் உதறும். சாதாரண டெலஸ்கோப் பொருத்தினால் சீக்கிரம் உடைந்துவிடும். குண்டு போடாமல் வெறுமனே சுட்டால் ஸ்பிரிங்கும் வாஷரும் கெடும். காற்று அடைத்த சிலிண்டர் வகையில் உதறல் இல்லை, ஆனால் பம்புக்குத் தனியாகச் செலவழிக்க வேண்டும். எத்தனை ஜூல் என்பதை எழுத்தில் வாங்குங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வாங்குமுன் ஐந்து குண்டு சுட்டுப் பாருங்கள். 15 மீட்டரில் ஐந்தும் ஒரு ரூபாய் காசு அளவுக்குள் விழ வேண்டும்.

நம் ஊர் பாறைப் பூமி. கல்லில் பட்ட குண்டு திரும்பி வந்து கண்ணைக் கெடுக்கும். இலக்குக்குப் பின்னால் மணல் மூட்டை அடுக்குங்கள். மேல்நோக்கிச் சுட்டால் குண்டு முந்நூறு மீட்டருக்கு அப்பாலும் போகும். பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

முயலைத் தடுக்க, பயிர் முளைத்த முதல் மாதத்தில் மட்டும் இரண்டரை அடி உயர வலையைச் சுற்றிக் கட்டினால் பெரும்பாலும் போதும். வலையின் அடிப்பகுதியை அரை அடி மண்ணில் புதைக்க வேண்டும். இல்லையென்றால் தோண்டி நுழைந்துவிடும். பழைய சேலை கட்டுவது சில நாள் பலன் தரும், பிறகு பழகிவிடும். மற்ற முறைகளுக்கு பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்கலாம்.

திருட்டு மின்வேலி மட்டும் வேண்டாம். 2023 மார்ச்சில் மாரண்டஹள்ளி அருகே காட்டுப்பன்றிக்காக வைத்த மின்வேலியில் மூன்று யானைகள் செத்தன, நிலத்துக்காரர் கைதானார். இருட்டில் தண்ணீர் பாய்ச்சப் போகும் பக்கத்துத் தோட்டத்துக்காரரும் அதே கம்பியைத்தான் மிதிப்பார்.

காட்டுப்பன்றிக்குத் தனி ஏற்பாடு உண்டு. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தபடி, காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ. வரை சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விடுவார்கள், 3 கி.மீ.க்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். விவசாயி சுட அனுமதி இல்லை. பன்றி மேய்ந்த மறுநாளே சேதத்தைப் படம் எடுத்து, சர்வே எண்ணுடன் வனச்சரக அலுவலகத்திலும் கிராம நிர்வாக அலுவலரிடமும் மனுக் கொடுங்கள். நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.