துளியும் கூடும்: அணுக்கருப் பிளவுக் கோட்பாட்டில் டிராம்பேயின் பங்கு

நியூட்ரானால் தாக்கப்பட்ட யுரேனியத்தில் பேரியம் இருப்பதை 1938 டிசம்பரில் ஓட்டோ ஹானும் ஃபிரிட்ஸ் ஸ்ட்ராஸ்மனும் பெர்லினில் கண்டறிந்தனர். வேதியியல் சான்று உறுதியாக இருந்தது, காரணம்தான் விளங்கவில்லை. நாஜி ஆட்சியால் வெளியேற நேர்ந்த லீசே மைட்னரும் அவருடைய அக்கா மகன் ஓட்டோ ஃபிரிஷும் அந்தக் கிறிஸ்துமஸ் விடுமுறையில், சுவீடனின் குங்கெல்வ் ஊரில் அதற்கு விடை கண்டனர்.

அணுக்கருவைத் திரவத்துளியாகக் கொள்ளும் கருத்து அப்போதே வழக்கில் இருந்தது. பரப்பு இழுவிசை துளியை உருண்டையாகக் கட்டிவைக்கிறது. புரோட்டான்களின் மின்விலக்கம் அதைப் பிய்க்கப் பார்க்கிறது. 92 புரோட்டான்கள் கொண்ட யுரேனியத்தில் இரண்டும் ஏறக்குறைய சமனாகிவிடுவதால், ஒரு நியூட்ரான் புகுந்தாலே துளி நீண்டு, இடை சிறுத்து, இரண்டாகிவிடும். வெளிப்படும் ஆற்றல் சுமார் 200 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். நிறை இழப்பின் வழியாகவும் மின்விலக்கத்தின் வழியாகவும் தனித்தனியே கணக்கிட்டபோது ஒரே எண் வந்தது. இந்த விளக்கத்தின் உண்மையான வலிமை அந்த ஒற்றுமையே என்பது என் கருத்து.

நீல்ஸ் போரும் ஜான் வீலரும் இதை முழுக் கோட்பாடாக்கினர். அவர்கள் கட்டுரை வெளிவந்த நாள் 1939 செப்டம்பர் 1. அன்றுதான் ஜெர்மனி போலந்துக்குள் நுழைந்தது. அணுக்கரு பிளவுபடத் தாண்ட வேண்டிய ஆற்றல் அரண் யுரேனியத்துக்கு ஏறத்தாழ 6 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். மெதுவான நியூட்ரானை ஏற்கும் யுரேனியம் 235க்குச் சுமார் 6.5 கிடைக்கிறது, 238க்குச் சுமார் 4.8தான். மெதுவான நியூட்ரானால் 235 மட்டும் பிளவுபடுவதற்குக் காரணம் இதுவே.

ஆனால் ஒரு முடிச்சு அவிழவில்லை. இந்தக் கோட்பாட்டின்படி துளி சரிபாதியாக உடைய வேண்டும். யுரேனியமோ பெரும்பாலும் 95, 140 நிறை எண்களை ஒட்டிய சமமற்ற துண்டுகளாகிறது. புரோட்டான்களும் நியூட்ரான்களும் அணுக்கருவின் ஆற்றல் மட்டங்களில் கூடுகூடாக நிரம்புவதே இதற்குக் காரணமாகலாம் என 1948இல் மரியா கோப்பர்ட் மேயர் சுட்டினார். துளியோடு கூட்டின் விளைவையும் சேர்த்துக் கணக்கிடும் முறையை ஸ்ட்ருட்டின்ஸ்கி 1967இல் தந்தார்.

மும்பையில் உள்ள டிராம்பே அணு ஆராய்ச்சி மையம் இந்த வரலாற்றில் சேர்வது இந்தக் கட்டத்தில்தான். அங்கே 1956 ஆகஸ்ட் 4இல் இயங்கத் தொடங்கிய அப்சரா அணு உலையின் நியூட்ரான்களைக் கொண்டு இயற்பியலாளர் ராஜா ராமண்ணாவின் குழு பிளவை ஆராய்ந்தது. பிரியப்போகும் இரு துண்டுகளுக்கிடையே நியூக்ளியான்கள் (புரோட்டான்களும் நியூட்ரான்களும்) தற்போக்காக இடம் மாறுவதைக் கொண்டு சமமின்மையை விளக்க ராமண்ணா 1960களில் முயன்றார். அக்குழுவில் வளர்ந்தவர் வலங்கைமான் சுப்பிரமணியன் ராமமூர்த்தி. அவர் எஸ். எஸ். கபூர், எஸ். கே. கட்டாரியா ஆகியோருடன் 1970இல் 'பிசிக்கல் ரிவியூ லெட்டர்ஸ்' இதழில் எழுதிய சிறு கட்டுரை, கூட்டின் விளைவு கிளர்வு ஆற்றலைப் பொறுத்தது என்று காட்டியது. ஆற்றல் ஏற ஏற அது கரைகிறது; மிகச் சூடான அணுக்கரு வெறும் துளியைப் போலவே நடந்துகொள்கிறது. பிளவுத் துண்டுகள் திசைக்குத் திசை மாறுபட்டுச் சிதறும் அளவுகளையும் இதைக் கொண்டு விளக்கினர்.

மைட்னரின் துளி தவறானதன்று. அது செல்லுபடியாகும் எல்லை அதுவரை தெளிவாகவில்லை. அந்த எல்லையைத் தெளிவாக்கியதில் டிராம்பேக்குப் பெரும்பங்கு உண்டு. பிளவின் கதையை 1939உடன் நிறுத்திவிடும் நம் அறிவியல் நூல்கள் 1970க்கும் ஒரு பத்தி ஒதுக்க வேண்டும்.