வீட்டுத் தலைவனும் பேசாத பிள்ளைகளும்: போர்த்துகல்லில் குடும்பமும் இளையோர் மனநலமும்

ஜன்னல், சாவி, அலமாரி, மேசை, ஆயா. தமிழர் வீடுகளில் நாள்தோறும் புழங்கும் இச்சொற்கள் போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்தவை என்பதை நம் வாசகர்கள் அறிவர். வீட்டைத் திறக்கவும் பூட்டவும் நமக்குச் சொல் தந்தவர்களின் சொந்த வீடுகளுக்குள் என்ன நடந்தது என்று நாம் அதிகம் கேட்டதில்லை. போர்த்துகல் என்றதும் வாஸ்கோ ட காமாவும் கோவாவும் நினைவுக்கு வருவதோடு நம் ஆர்வம் நின்றுவிடுகிறது. இக்கட்டுரையில் கடலை விட்டு வீட்டுக்குள் நுழைவோம்.

இன்றைய மனநல ஆய்வுகளில் ‘குடும்பச் செயற்பாடு’ என்றொரு தொடர் அடிக்கடி வருகிறது. ஒரு குடும்பத்தினர் தம்முள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றனர், இடர் வரும்போது எப்படி வளைந்து கொடுக்கின்றனர், மனம் விட்டுப் பேசிக்கொள்கின்றனரா என்பனவற்றை அளந்தறியும் முயற்சி அது. அமெரிக்க மருத்துவர் ஸ்மில்க்ஸ்டைன் 1978இல் ஐந்தே கேள்விகளைக் கொண்டு ஓர் அளவுகோலை அமைத்தார். டேவிட் ஓல்சன் என்ற அறிஞர் பிணைப்பு, நெகிழ்வு ஆகிய இரண்டையும் அச்சுகளாகக் கொண்டு ஒரு மாதிரியை வகுத்தார். இவை போர்த்துகீசிய மொழிக்கும் சென்றன. குடும்பத்தில் பேச்சும் பரிவும் உள்ள இளையோரிடம் மனச்சோர்வு குறைவாகக் காணப்படுகிறது என்ற முடிவு பல நாடுகளைப் போலவே அங்கும் திரும்பத் திரும்ப வருகிறது.

இம்முடிவில் வியப்பேதும் இல்லை. ஆனால் பதினான்கு வயதுப் பிள்ளை ஒன்றிடம் “உன் வீட்டில் உன் பேச்சைக் கேட்கிறார்களா?” என்று வினவும் உரிமை ஒரு சமூகத்துக்கு எப்போது வாய்த்தது? போர்த்துகல்லில் அக்கேள்வியின் வயது மிகக் குறைவு. அதன் வரலாறே இங்கு நம் பொருள்.

சுவரொட்டியில் ஒரு குடும்பம்

1910 அக்டோபரில் போர்த்துகல் மன்னராட்சியை நீக்கிக் குடியரசானது. அதே ஆண்டு நவம்பரில் மணமுறிவுச் சட்டமும், டிசம்பரில் குடும்பச் சட்டங்களும் வந்தன. ஐரோப்பாவின் பல நாடுகளை விட முன்னே சென்ற சட்டங்கள் அவை. ஆனால் குடியரசு நிலைக்கவில்லை. 1926இல் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. 1928இல் நிதியமைச்சராக வந்த சலாசர் என்ற பொருளியல் பேராசிரியர் 1932இல் தலைமை அமைச்சரானார்.

அவர் ஆட்சியின் 1933ஆம் ஆண்டு அரசியலமைப்பு குடும்பத்தைச் சமூகத்தின் அடித்தளம் என்றது. உள்ளூர் ஊராட்சி மன்றங்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைக் குடும்பத் தலைவர்களுக்கு அளித்தது. சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்று கூறிய அதே பிரிவில், பெண்ணைப் பொறுத்தவரை அவளது இயல்பும் குடும்ப நலனும் கோரும் வேறுபாடுகள் விலக்கு என்றும் சேர்த்துக்கொண்டது. 1940இல் வத்திக்கானுடன் செய்துகொண்ட உடன்படிக்கைக்குப் பின், திருச்சபையில் மணந்தோர்க்கு மணமுறிவு இல்லை என்றானது.

ஆட்சி தன் கனவுக் குடும்பத்தைப் படமாகவும் வரைந்து காட்டியது. 1938இல் பள்ளிகளுக்கென ‘சலாசரின் பாடம்’ என்ற தலைப்பில் சுவரொட்டிகள் வெளியிடப்பட்டன. அவற்றுள் ஒன்றில், வயலிலிருந்து தந்தை மண்வெட்டியுடன் வீடு திரும்புகிறார். தாய் அடுப்பருகே நிற்கிறாள். பிள்ளைகள் தந்தையை வரவேற்கின்றனர். மேசை மேல் ரொட்டியும் திராட்சை மதுவும், சுவரோரம் சிலுவை, ஜன்னல் வழியே கொடி பறக்கும் கோட்டை. அடியில் “கடவுள், தாய்நாடு, குடும்பம்” என்ற முழக்கம். அப்படத்தில் மின்விளக்கு கிடையாது. எவர் முகத்திலும் கவலையும் கிடையாது. மகன் அணிந்திருப்பது 1936இல் தொடங்கப்பட்ட அரசு இளைஞர் இயக்கத்தின் சீருடை. ஏழு வயது முதல் பதினான்கு வயது வரை அவ்வியக்கத்தில் சேர்வது கட்டாயம். வீடே உலகம் என்று போற்றிய ஆட்சி, அவ்வீட்டுப் பிள்ளையைத் தனதாக எடுத்துக்கொண்டதையும் அச்சுவரொட்டி மறைக்கவில்லை.

இங்கு நாம் ஒன்றைக் கருத வேண்டும். வளரிளம் பருவம் என்பது உடலின் வளர்ச்சியால் மட்டும் அமைவதன்று. பள்ளியில் கழிக்கும் ஆண்டுகளே அதற்கு இடம் தருகின்றன. போர்த்துகல்லில் கட்டாயக் கல்வி சிறுவர்க்கு 1956இலும் சிறுமியர்க்கு 1960இலும்தான் நான்கு ஆண்டுகள் ஆயிற்று. 1964இல் ஆறு, 1986இல் ஒன்பது, 2009இல் பன்னிரண்டு ஆண்டுகள் என உயர்ந்தது. 1950களில் ஒரு சிற்றூர்ப் பிள்ளை பத்து பதினோரு வயதில் வயலுக்கோ, பட்டறைக்கோ, வீட்டு வேலைக்கோ சென்றுவிடும். அப்பிள்ளைக்குக் குழந்தைப் பருவம் உண்டு. உழைக்கும் பருவம் உண்டு. இடையில் கலங்கவும் எதிர்க்கவும் குழம்பவும் ஒரு பருவம் இருந்ததாக எவரும் கருதவில்லை.

கிழித்த படமும் மெல்லிய கடிதமும்

சுவரொட்டிக் குடும்பத்தை அந்த ஆட்சியே கலைத்தது என்பது வரலாற்றின் முரண். 1961இல் அங்கோலாவிலும், 1963இல் கினியிலும், 1964இல் மொசாம்பிக்கிலும் விடுதலைப் போர்கள் மூண்டன. பதின்மூன்று ஆண்டுகள் நீடித்த அப்போர்களுக்குப் போர்த்துகல்லின் இளைஞர்கள் இலட்சக்கணக்கில் அனுப்பப்பட்டனர். ஏறத்தாழ 9,000 வீரர்கள் திரும்பவில்லை. ஆப்பிரிக்கர் தரப்பில் மாண்டோர் அதனினும் மிகப் பலர். எஞ்சியோர் வீடு திரும்பினர், பேசாதோராய்த் திரும்பினர்.

அதே காலத்தில் வறுமைக்கும் படைச்சேவைக்கும் அஞ்சி, பிரான்சு முதலிய நாடுகளை நோக்கி மக்கள் வெளியேறினர். 1960 முதல் 1974 வரை புலம்பெயர்ந்தோர் பத்து இலட்சத்தைத் தாண்டுவர். பலர் அனுமதியின்றி எல்லை கடந்தனர். ‘தாவிச் செல்லுதல்’ என்றே அப்பயணத்துக்குப் பெயர். புறப்படுமுன் ஒரு நிழற்படத்தை இரண்டாகக் கிழிப்பது வழக்கம். ஒரு பாதி குடும்பத்திடம் இருக்கும்; மறுபாதி பயணியிடம் இருக்கும். சேர வேண்டிய இடம் சேர்ந்ததும் பயணி தன் பாதியை ஊருக்கு அனுப்புவார். இரண்டும் பொருந்தினால் வழிகாட்டிக்கு மீதிப் பணம் கொடுக்கப்படும். வடபகுதிச் சிற்றூர்களில் பின்தங்கிய மனைவியரை ‘உயிரோடிருப்பவரின் விதவைகள்’ என்று அழைத்தனர். தந்தை கடிதத்திலும் பணவிடையிலும் மட்டுமே வாழும் வீடுகளில் ஒரு தலைமுறை வளர்ந்தது.

சட்டமோ அப்போதும் இல்லாத தந்தையையே தலைவன் என்றது. 1967இல் நடைமுறைக்கு வந்த குடிமைச் சட்டம் கணவனைக் குடும்பத் தலைவன் என மீண்டும் உறுதி செய்தது. கணவன் இசைவின்றி மனைவி நாட்டை விட்டு வெளியே செல்ல 1969 வரை இயலாது. மனைவிக்கு வரும் கடிதத்தைப் பிரிக்கும் கணவனின் உரிமை 1976 வரை நீடித்தது. ஆனால் வயலையும் வரவு செலவையும் பிள்ளைகளையும் நடத்தியவள் அவளே. தாளில் ஒரு குடும்பம், தரையில் வேறொரு குடும்பம் என்ற பிளவு அங்குத் தொடங்கியது.

இலக்கிய வாசகர்கள் அந்தோனியோ லோபோ அந்துனேஸ் பெயரை அறிவர். படை மருத்துவராக 1971 முதல் 1973 வரை அங்கோலாவில் இருந்தவர். பின்னர் லிஸ்பனில் மனநல மருத்துவராகப் பணியாற்றியவர். 1979இல் வெளியான அவருடைய முதல் நாவல்கள் போரிலிருந்து வீடு திரும்ப இயலாத மனிதனைப் பற்றியவை. போர்முனையிலிருந்து அவர் மனைவிக்கு எழுதிய கடிதங்களை 2005இல் நூலாகக் கொண்டு வந்தவர்கள் அவருடைய மகள்கள். தந்தையர் சொல்லாததைப் பிள்ளைகள் தேடிப் படித்த கதை அது. போர் வீரர்களின் உளக்காயத்தைப் போர்த்துகல் அரசு தனிச்சட்டத்தால் ஏற்றுக்கொண்டது 1999இல்தான். போர் முடிந்து இருபத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த இருபத்தைந்து ஆண்டுகளும் அவ்வீடுகளில் பிள்ளைகள் வளர்ந்துகொண்டிருந்தனர்.

மருத்துவமனையிலிருந்து வகுப்பறைக்கு

மனநல மருத்துவ வரலாற்றில் போர்த்துகல்லுக்குத் தனியிடம் உண்டு. பெருமைப்படத் தயங்க வேண்டிய இடம். 1935 நவம்பரில் லிஸ்பனில் எகாஸ் மோனிஸ், அல்மெய்தா லீமா என்ற அறுவை மருத்துவரின் துணையோடு, மனநோயாளரின் மூளை முன்மடலில் முதன்முதலாக அறுவை செய்வித்தார். 1949இல் அதற்காக நோபல் பரிசும் பெற்றார். பல நாடுகளில் பல்லாயிரம் பேர்மீது செய்யப்பட்ட அவ்வறுவை பின்னர் கைவிடப்பட்டது. மனத்தின் துயரை மண்டைக்குள் மட்டுமே தேடிய காலம் அது.

அதற்கு நேரெதிர்த் திசையில் நடந்தவர் ஜோவாவ் தோஸ் சாந்தோஸ் (1913–1987). உடற்பயிற்சி ஆசிரியராகத் தொடங்கி மருத்துவரானவர். 1946இல் பாரிசுக்குச் சென்று ஆன்றி வலோன் என்ற உளவியலாளரிடம் பணியாற்றினார். தாயகம் திரும்பிய பின் குழந்தை மனநலம் என்ற துறையையே அங்கு வேரூன்றச் செய்தார். 1963ஆம் ஆண்டு மனநலச் சட்டம் மருத்துவமனைக்கு வெளியே மனநல நிலையங்களுக்கு வழிவகுத்தபோது, லிஸ்பனின் குழந்தை மனநல நிலையத்தை அவரே வழிநடத்தினார். 1975இல் ‘கடற்கரை இல்லம்’ என்ற பெயரில், பள்ளியில் தடுமாறும் பிள்ளைகளுக்கென ஒரு நிலையத்தை நிறுவினார். 1980களில் வானொலியில் அவர் நிகழ்த்திய உரையாடல்களின் தலைப்பு ‘தெரியாவிட்டால் ஏன் கேட்கிறாய்?’ என்பது. பிள்ளை கேட்கும் கேள்விக்குள் அது ஏற்கெனவே அறிந்த ஒன்று ஒளிந்திருக்கிறது என்ற எண்ணம் அத்தலைப்பில் உண்டு. பேசாத நாட்டில் கேள்விக்கு மதிப்பளித்த குரல் அது.

1974க்குப் பின்

1974 ஏப்ரல் 25 அன்று துப்பாக்கி முனைகளில் கார்னேஷன் மலர்கள் செருகப்பட்டன, ஆட்சி வீழ்ந்தது. 1976 அரசியலமைப்பு கணவன் மனைவியைச் சமமாக்கியது. மணவுறவுக்கு வெளியே பிறந்த பிள்ளைகளுக்கு எதிரான பாகுபாட்டை ஒழித்தது. 1977இல் குடிமைச் சட்டம் திருத்தப்பட்டுக் குடும்பத் தலைவன் என்ற பதவியே மறைந்தது. 2008இல் சட்டமொழியில் ‘தந்தைவழி அதிகாரம்’ என்றிருந்த தொடர் ‘பெற்றோர் பொறுப்புகள்’ என மாறியது. சொல்லாராய்ச்சியில் ஈடுபாடுடைய நம் வாசகர்கள் இம்மாற்றத்தைச் சற்றே நின்று நோக்க வேண்டும். அதிகாரம் என்பது மேலிருந்து வருவது. பொறுப்பு என்பது கேள்வி கேட்கப்படக் கூடியது.

விடுதலை எளிதாகவும் அமையவில்லை. ஆப்பிரிக்கக் குடியேற்றங்களிலிருந்து 1975ஐ ஒட்டி ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் கைப்பெட்டியோடு திரும்பினர். உறவினர் வீடுகளும் அரசு ஏற்பாடு செய்த விடுதிகளும் அவர்களைத் தாங்கின. தொடர்ந்து ஹெராயின் வந்தது. 1990களின் இறுதியில் மக்கள்தொகையில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர் அதற்கு ஆட்பட்டிருந்ததாக மதிப்பிடப்பட்டது. அப்போது போர்த்துகல் ஒரு துணிவான முடிவை எடுத்தது. 2001 ஜூலை முதல், சொந்தப் பயன்பாட்டுக்கெனச் சிறிதளவு போதைப்பொருள் வைத்திருப்பது குற்றமாகக் கருதப்படவில்லை. அத்தகையோர் நீதிமன்றத்துக்கு மாறாக ஆலோசனைக் குழுவின் முன் வந்தனர். ஏறக்குறைய எல்லாத் தரப்பு வீடுகளிலும் அந்நோய் புகுந்திருந்ததால், அதைத் தீயோரின் குற்றம் என்று தள்ளிவைக்க எவராலும் இயலவில்லை.

குடும்ப மருத்துவ முறையை அங்குப் பரப்பியோருள் முதன்மையானவர் தானியெல் சாம்பாயோ. லிஸ்பனின் சாந்தா மரியா மருத்துவமனையில் இளையோரின் தற்கொலை முயற்சிகளை ஆராயும் குழுவை நிறுவியவர். 1991இல் வெளியான அவர் நூலின் தலைப்பு ‘யாரும் தனியே சாவதில்லை’. இளையோரின் அச்செயலை அவர்தம் உறவுகளோடு சேர்த்தே படிக்க வேண்டும் என்பது அவர் வாதம். 1994இல் வந்த நூலுக்கு ‘புதிய பெற்றோரைக் கண்டுபிடியுங்கள்’ என்று பெயரிட்டார்.

வினாத்தாள் கேளாதவை

மார்கரீதா காஸ்பர் தெ மாத்தோஸ் என்ற உளவியலாளரின் தலைமையில் 1998இல் தொடங்கி, நான்காண்டுகளுக்கு ஒருமுறை, உலக நலவாழ்வு நிறுவனத்தோடு இணைந்து பள்ளி மாணவரிடம் ஆய்வு நடந்து வந்துள்ளது. தாயிடம் பேசுவதை விடத் தந்தையிடம் பேசுவது கடினம் என்று இளையோர் கூறுவது அத்தகைய ஆய்வுகளில் தொடர்ந்து காணப்படும் ஒன்று. சிறுமியரிடம் மனவாட்டம் மிகுதி என்பது மற்றொன்று. பெருந்தொற்றுக்குப் பிந்தைய 2022ஆம் ஆண்டுச் சுற்றில், 2018ஐ விட இளையோர் மனநலம் நலிந்திருந்தது.

மேற்கண்ட வரலாற்றைப் படித்த நாம் அந்த முதல் முடிவைக் கடந்து செல்ல இயலாது. போருக்கும் பிரான்சுக்கும் சென்ற பாட்டனாரின் மௌனம் மட்டுமே அதற்குக் காரணம் என்று சொல்லத் துணிய மாட்டோம். மற்ற நாடுகளிலும் இதே நிலை உண்டு. ஆயினும் ஒரு தந்தை பேசக் கற்பது தன் தந்தையிடமிருந்துதான் என்பதை மறுக்கவும் இயலாது.

நமக்குக் கவலையளிப்பது வேறொன்று. ஒரே நாளில் எடுக்கப்படும் வினாத்தாள், குடும்பம் குலைந்ததால் பிள்ளை வாடியதா, பிள்ளை வாடியதால் குடும்பம் குலைந்ததா என்று சொல்லாது. வீட்டுச் சுவருக்கு வெளியே என்ன நடந்தது என்றும் அது கேட்பதில்லை. 2011இல் போர்த்துகல் 78 பில்லியன் யூரோ மீட்புக் கடன் பெற்றது. 2013இல் வேலையின்மை நூற்றுக்குப் பதினாறைத் தாண்டியது. இளைஞர்கள் மீண்டும் ஊரை விட்டுக் கிளம்பினர். வீட்டு வாடகை ஏற, தங்கியோர் பெற்றோர் வீட்டிலேயே தங்கினர். 2021இல் அவர்கள் பெற்றோர் வீட்டை விட்டு வெளியேறிய சராசரி வயது 33.6, அவ்வாண்டில் ஐரோப்பிய ஒன்றியத்திலேயே மிக உயர்ந்தது. இத்தகைய வீட்டில் நெருக்கம் குறைந்தால் அதற்குப் பெயர் ‘குடும்பச் செயற்பாட்டுக் குறை’ என்றால், வங்கிக்கும் அரசுக்கும் என்ன பெயர்?

சலாசர் எல்லாச் சிக்கலுக்கும் குடும்பமே விடை என்றார். இன்றைய ஆய்வைக் கவனமின்றிப் படிப்போர் எல்லாச் சிக்கலுக்கும் குடும்பமே காரணம் என்று சொல்லிவிடக் கூடும். இரண்டிலும் குடும்பத்தைச் சூழ்ந்த உலகம் தப்பித்துக்கொள்கிறது. பழி அடுப்பருகே நிற்கும் தாய்மீது விழுகிறது. பிள்ளையின் பேச்சைக் கேட்கும் வீடு வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அவ்வீட்டினர் ஒரே மேசையில் உட்காரவும், போர் முடிந்தவன் தன் கதையைச் சொல்லவும், பொழுதும் ஊதியமும் மருத்துவமும் வேண்டும். அவற்றைத் தருவது குடும்பத்தின் கையில் இல்லை.