மூவர் நடுவர் முறை: அமெரிக்கப் பள்ளிக் கூடைப்பந்து

அமெரிக்க உயர்நிலைப் பள்ளி ஆட்டங்களில் இருவர் முறையும் மூவர் முறையும் நடப்பில் உள்ளன. தொழில்முறை லீக்கான என்பிஏ 1988-89 பருவத்திலிருந்து மூவரை நிலையாக்கிவிட்டது. மூன்று நடுவர்களின் இடங்களுக்கு லீட், டிரெயில், சென்டர் என்று பெயர். லீட் கூடைக்குப் பின்னே எல்லைக்கோட்டுக்கு வெளியே நிற்பார். டிரெயில் அதே பக்கத்தில், நடுக்கோட்டை நோக்கிப் பின்தங்கி நிற்பார். சென்டர் எதிர்ப்பக்கத்தில், ஃப்ரீ த்ரோ கோட்டின் நேர்நீட்சியில் இருப்பார். பந்து சென்டரின் பக்கம் போய்த் தங்கினால் லீட் எல்லைக்கோட்டை ஒட்டிக் குறுக்கே நடந்து அங்கே சேர்கிறார். உடனே சென்டர் டிரெயிலாகவும் டிரெயில் சென்டராகவும் மாறுகிறார்கள். இந்தச் சுழற்சியைத் தொடங்குவது லீட் மட்டுமே.

இடங்களை மனப்பாடம் செய்ய ஒரு மாலை போதும். பழக்கத்தை விடுவதுதான் கடினம். இருவர் முறையில் பழகிய கண் பந்தையே துரத்தும். மூவர் முறையிலோ பந்து தன் பகுதியில் இல்லாதபோது அதைப் பார்க்காமலிருப்பதே வேலை. ஷாட் எழும்பியதும் சென்டர் அண்ணாந்து பார்த்தால், தன் பக்கத்தில் ரீபவுண்டுக்காக ஒருவர் முதுகில் இன்னொருவர் தள்ளுவதைப் பார்க்க ஆளில்லை. மூன்று விசில் என்றால் ஃபவுல் பெருகி ஆட்டம் அறுந்துபோகும் என்பார்கள். மூவரும் பந்தையே பார்த்தால் அது உண்மைதான். பகுதி பிரித்துப் பார்த்தால் ஒரே மோதலுக்கு இரண்டு விசில் ஒலிப்பது குறையும். மூன்றாம் நடுவருக்கான கூடுதல் ஊதியம் என்ற ஆட்சேபத்துக்கு மட்டும் எளிய பதில் இல்லை. சிறிய பள்ளிகளுக்கு அது மெய்யான சுமை.