கானெஸ்டோகா வண்டியும் அதனை ஓட்டிய கைகளும்

அமெரிக்க நாட்டுப் பார வண்டி என்றவுடன் நம்மவர் பலர்க்கும் சினிமாத் திரையே நினைவுக்கு வரும். வெள்ளைத் துணிக் கூரை போர்த்த வண்டிகள் வரிசையாகச் செல்லும். குதிரைகள் அவற்றை இழுத்துக்கொண்டு நாலுகாற் பாய்ச்சலில் ஓடும். காட்சி அழகியதே, ஆயின் சரித்திரம் அதற்கு உடன்படுவதில்லை. 1840ஆம் ஆண்டு முதல் ஒரிகான் நோக்கிப் புறப்பட்ட குடியேறிகளின் வண்டிகளைப் பெரும்பாலும் இழுத்தவை எருதுகளே. எருதின் விலை குறைவு. வழியிற் கிடைத்த புல்லை மேய்ந்தே அது பிழைக்கும். மாட்டு வண்டியோடு வாழ்ந்த மரபினராகிய நமக்கு இதில் வியப்பொன்றுமில்லை.

குதிரை பூட்டிய மெய்யான பெருவண்டியைக் காண விரும்புவோர் அதற்கு நூறாண்டு முற்பட்டுக் கிழக்கே பென்சில்வேனியாவுக்குச் செல்லுதல் வேண்டும். ஆங்கு லங்காஸ்டர் வட்டாரத்தில் ஓடிய கானெஸ்டோகா என்னும் ஆற்றின் பெயரே அவ்வண்டிக்கும் பெயராயிற்று. 1750 முதல் 1850 வரை அதுவே அந்நாட்டு உள்நாட்டு வாணிகத்தின் முதுகெலும்பு. அதனை ஓட்டிய கை எத்தகையது, அக்கைக்குரியவன் எவ்வழியே வந்தவன் என்பவற்றை ஈண்டு ஆராய்வோம்.

வண்டியின் அடித்தட்டு ஏறத்தாழ 16 அடி நீளமும் 4 அடி அகலமும் உடையது. இரு முனைகளும் தோணியைப்போல் மேல்நோக்கி வளைந்திருக்கும். இஃது அலங்காரத்திற்காகச் செய்யப்பட்டதன்று. மலையேறும்போதும் இறங்கும்போதும் சரக்கு முன்னும் பின்னும் சரியாமல் நடுவே தங்குதற் பொருட்டேயாம். உடல் நீலம், சக்கரம் சிவப்பு, கூரை வெண்மை. சக்கரங்களுக்கு அகன்ற இரும்புப் பட்டா. அச்சுக்கு இடும் வண்டி மை நிறைந்த வாளியொன்று பின்னே தொங்கும். பெரிய வண்டி 5 டன் வரை பாரம் ஏற்கும். அத்தகைய பாரத்தோடு ஒருநாளில் 12 முதல் 15 மைல் செல்லுமாயின் நற்பயணம்.

இப்பெருவண்டியில் ஓட்டி அமர ஆசனமே இல்லை! அவன் இடப்புறமாகக் கூடவே நடப்பான். அன்றிப் பின்சோடியின் இடக்குதிரைமீது சேணமிட்டு ஏறிச் செல்வான். களைத்தபோது வண்டியின் இடப்பக்கத்தினின்று வெளியே இழுத்துவிட்ட ஒரு பலகையில் அமர்வான். அதற்குச் ‘சோம்பற் பலகை’ என்று பெயர். அதில் அமர்ந்தவனுக்கும் சோம்பலில்லை. தடைக்கட்டையின் பிடி அவன் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கும். ஓட்டி இடப்புறத்திருந்தமையால், எதிர்வரும் வண்டியோடு உரசாமற் காக்கச் சாலையின் வலப்புறமாகச் செல்வது வசதியாயிற்று. பிலடெல்பியாவுக்கும் லங்காஸ்டருக்கும் இடையே சாலையமைக்க 1792இல் இயற்றிய சட்டமும் வலப்புறமே செல்லக் கட்டளையிட்டது.

குதிரைகள் ஆறு, இரண்டிரண்டாக மூன்று சோடி. முன்சோடி வழியறியும் அறிவுடையது. பின்சோடி ஏர்க்காலின் இருமருங்கும் நின்று இறக்கத்தில் வண்டியைத் தாங்கும் வலியுடையது. ஆறு குதிரைகளையும் ஆள ஓட்டியின் கையிலிருந்தது ஒரே வார்! அது முன்சோடியின் இடக்குதிரைக் கடிவாளத்தில் இணைந்திருக்கும். வாரைச் சீராக இழுத்தால் இடப்புறம் திரும்பும். விட்டுவிட்டுச் சுண்டினால் வலப்புறம். பக்கத்துக் குதிரையை ஒரு கோலால் அதனோடு பிணைத்திருந்தமையின் அதுவும் உடன் திரும்பும். மற்ற நான்கும் அவ்விரண்டையும், ஓட்டியின் குரலையும் பின்பற்றும். ‘ஹா’ என்றால் இடம். ‘ஜீ’ என்றால் வலம்.

ஓட்டப் பழகுவோன் முதலிற் கற்பது சவுக்கை வீசுவதன்று, குதிரையின் தோளை நோக்குவது. எருது நுகத்தைத் தாங்கி இழுக்கும். குதிரையோ தோளிற் பொருந்திய தடித்த வளையத்தை முன்னோக்கித் தள்ளியே பாரத்தை நகர்த்தும். வளையம் தொண்டையை நெருக்கினால் மூச்சு முட்டும்; தளர்ந்து ஆடினால் தோல் உரிந்து புண்ணாகும். ஒரு கை நுழையும் இடைவெளியே சரியான அளவு. நாள்தோறும் வளையத்தைக் கழற்றித் தோளைத் தடவிப் பார்க்காதவன் ஓட்டியல்லன்.

அடுத்தது புறப்படும் கணம். வண்டி அசையத் தொடங்கும்போதே மிகுந்த வலி வேண்டும். ஓட்டி திடீரென அதட்டினால் ஒரு குதிரை பாயும், ஒன்று பின்வாங்கும். வண்டி நகராது, சங்கிலிதான் அறும். ஆகவே முதலில் மெல்லிய குரலால் ஆறையும் விழிப்பித்து, சங்கிலிகளின் தொய்வு நீங்கும் வரை காத்திருந்து, பின்னரே ஏவுதல் வேண்டும். புதுக்குதிரையைப் பழகிய குதிரையோடு சோடி சேர்த்தே பழக்குவர். ஏற்றத்தில் இடையிடையே நிறுத்திச் சக்கரத்தின் பின்னே கல்வைத்து மூச்சு வாங்க விடுவர். இறக்கத்தில் சக்கரத்தைச் சங்கிலியாற் பிணைப்பர். இவையாவும் பொறுமையாற் பெற்ற கல்வி. பிறப்பால் வந்த உரிமை இதில் எள்ளளவும் இல்லை.

குதிரைகளின் தோள்மேல் வளைவாக மணிகள் கட்டுவது வழக்கம். சேற்றில் அகப்பட்ட வண்டியை மற்றொருவன் தன் குதிரை பூட்டி மீட்டானாயின், மீட்கப்பட்டவன் தன் மணிகளைக் கழற்றி அவனுக்குக் கொடுத்துவிட வேண்டும். எனவே மணியோசையோடு ஊர் சேர்வதே ஓட்டிக்குப் பெருமை.

இவ்வண்டிகளின் ஆற்றலை உலகறியச் செய்தது ஒரு போர். 1755இல் பிரெஞ்சுக்காரரை எதிர்த்துச் சென்ற பிராடக் என்னும் ஆங்கிலத் தளபதி வண்டியின்றித் தவித்தார். பெஞ்சமின் பிராங்க்ளின் லங்காஸ்டரில் விளம்பரம் வெளியிட்டு, நாலு குதிரையும் ஓட்டியும் உள்ள வண்டிக்கு நாளொன்றுக்கு 15 ஷில்லிங் வாடகை கூறி, இரண்டே வாரத்தில் 150 வண்டிகளைச் சேர்த்தார். குடியானவர் தளபதியின் சொல்லை நம்பவில்லை. பிராங்க்ளினின் சொந்தப் பிணையையே கேட்டனர். படை தோற்றது, வண்டிகள் அழிந்தன. ஏறத்தாழ 20,000 பவுன் ஈடு கேட்டனர். அரசாங்கம் அப்பொறுப்பை ஏற்காதிருந்தால் பிராங்க்ளின் ஓட்டாண்டியாகியிருப்பார். ஏழையாயினும் தன் உடைமைக்கு எழுத்துமூலம் பிணை கேட்கத் துணிந்த அக்குடியானவர் யாவர்?

அவர்களுட் பெரும்பாலோர் ஜெர்மானியக் குடியேறிகள். கப்பற் கூலி கொடுக்க வழியற்றுத் தம் உழைப்பையே அடகு வைத்து வந்தோர் அவர்களிற் பலர். 1750இல் அங்குச் சென்ற கோட்லீப் மிட்டல்பர்கர் என்பார் அக்கொடுமையை எழுதிவைத்துள்ளார். வளர்ந்தோர் 3 முதல் 6 ஆண்டு வரை எழுத்தாற் கட்டுண்டு உழைத்தனர். சிறுவர் 21 வயது வரை. பாதி வழி கடந்தபின் கணவன் கப்பலில் இறப்பானாயின் அவனது கூலியையும் மனைவியே உழைத்துத் தீர்க்க வேண்டும்!

வாசகர்களே, இக்கதை நமக்குப் புதிதோ? வெல்லெஸ்லி மாகாணத்துக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத்தில் வந்த நம் முன்னோரும் இங்ஙனமே கட்டுண்டனர். அம்முறை 1910இல் ஒழிந்தது. கங்காணி வழி ஆளெடுப்பதும் 1938இல் இந்திய அரசாங்கத்தின் தடையால் நின்றது. கட்டு இருவர்க்கும் ஒன்றே; கட்டவிழ்ந்த பின்னரே வேற்றுமை. தவணை தீர்ந்த ஜெர்மானியன் காலப்போக்கில் நிலம் வாங்க இயன்றது. நிலத்தில் விளைந்த தானியம் குதிரையாயிற்று, குதிரை வண்டியாயிற்று. அறுவடை முடிந்த மாதங்களில் அவன் தன் வண்டியைத் தானே ஓட்டிக் கூலி பெற்றான். நம்மவனோ காட்டை அழித்துத் தோட்டமாக்கியும் துரை கொடுத்த லயத்திலேயே இருந்தான்.

எனினும், அந்நிலம் யாருடையது என்று வினவாமல் விடுதல் நேர்மையாகாது. கானெஸ்டோகா என்பது அப்பகுதியில் வாழ்ந்த பழங்குடியினரின் பெயருமாகும். 1763 டிசம்பரில் எல்லைப்புற வெள்ளையர் கூட்டமொன்று அவர்களுள் எஞ்சியோரைத் தாக்கியது. 14ஆம் நாள் ஆறு பேரையும், லங்காஸ்டரில் அடைக்கலம் புகுந்த பதினால்வரை 27ஆம் நாளும் கொன்றது. குழந்தைகளும் தப்பவில்லை. பிராங்க்ளின் அதனை வன்மையாகக் கண்டித்து எழுதினார். கொலைஞர் ஒருவரும் தண்டனை பெறவில்லை. மக்கள் மாண்டனர், அவர் பெயர் வண்டியில் ஏறி ஓடிற்று! ஒருவனது விடுதலை மற்றொருவனது குடிகெடுத்துக் கிடைக்குமாயின் அதனை நாம் முழு விடுதலை என்று போற்றோம்.

1850களில் இருப்புப்பாதை மலைகளைக் கடந்தது. மூன்று வாரத்துப் பயணம் ஓரிரு நாளிற் சுருங்கியது. ஆண்டு முழுதும் பிறர் சரக்கையே நம்பி ஓட்டியவன் பிழைப்பிழந்தான். நிலமுடைய குடியானவனோ அதே குதிரைகளை ஏரிற் பூட்டினான். இருவர் கையிலும் திறமை ஒன்றே. காலடியில் மண் இருந்தவன் நிலைத்தான்.

இந்நாட்டிலும் 1950களின் பிற்பகுதியில் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, பால்மரம் வெட்டுவதில் இணையற்ற கைகள் வேலையற்று நின்றன. திறமைக்கா குறைவு? உடைமைக்கே குறைவு. அதனை உணர்ந்துதான் 1960இல் வீ. தி. சம்பந்தன் தலைமையில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றிற்று. தொழிலாளர் தம் சிறு சேமிப்பைச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கலாயினர். பிறர் குடியைக் கெடுக்காமல், விலை கொடுத்து, கூடி வாங்கிய நிலம் அது.

தோழர்களே! நம் பிள்ளைகளுக்குத் தொழில் கற்பிப்போம், நன்றாகக் கற்பிப்போம். அத்தோடு நில்லாமல், அத்தொழிலின் கருவியும் அது நிற்கும் மண்ணும் அவர்கட்கு உரியனவாகுமாறு கூடிச் சேமிக்கவும் கற்பிப்போம்.