அச்சேறும் முன்பும் பரவிய பின்பும்: உண்மைச் சரிபார்ப்பின் நூறாண்டு வரலாறு

ஓர் அரசியல் தலைவர் மேடையில் சொன்ன புள்ளிவிவரமோ, கைப்பேசிக்குக் கைப்பேசி தாவும் ஒரு காணொளியோ மெய்தானா என்பதைச் சான்றுகளைக் கொண்டு சோதித்து, கண்ட முடிவை அச்சான்றுகளோடு சேர்த்தே மக்கள் முன் வைக்கும் பணி இன்று உண்மைச் சரிபார்ப்பு என வழங்குகிறது. சமூக ஊடகக் காலத்தில் முளைத்த தொழிலாகவே இது பெரும்பாலும் கருதப்பட்டாலும், இதன் வேர்கள் இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தின் நியூயார்க் நாளிதழ் அலுவலகங்களிலும், 1934 நிலநடுக்கத்துக்குப் பின் பீகாரில் சேகரிக்கப்பட்ட வதந்திகளிலும், இரண்டாம் உலகப் போர்க்காலப் பாஸ்டன் நகரிலும் இருக்கின்றன. வெளியிடுபவரே வெளியிடும் முன் செய்துகொண்ட சோதனை, யாரோ பரப்பிய பின் மூன்றாமவர் ஒருவர் செய்யும் சோதனையாக மாறியதும், நிறுவனத்தின் நற்பெயரைக் காக்கத் தொடங்கிய பணி மனித உயிரைக் காக்க வேண்டிய பணியாக வளர்ந்ததும் இந்த நூறாண்டில் நிகழ்ந்த இரண்டு பெரிய மாற்றங்களாகும்.

நியூயார்க்கின் வேர்ல்டு நாளிதழ், ரால்ஃப் புலிட்சரின் முயற்சியால், 1913ஆம் ஆண்டில் துல்லியத்துக்கும் நேர்மைக்குமெனத் தன் அலுவலகத்துக்குள்ளேயே ஒரு தனிப் பிரிவை அமைத்தது. வாசகர்களின் புகார்களை விசாரிப்பது, தவறு யாரால் நேர்ந்தது என்று குறித்துவைப்பது, உரிய திருத்தத்தை வெளியிடச் செய்வது, திரும்பத் திரும்பத் தவறு செய்பவர்களை அடையாளம் காண்பது ஆகியவை அதன் வேலைகள். அப்பிரிவை நடத்திய ஐசக் ஒயிட், கப்பல் விபத்துச் செய்திகள் எல்லாவற்றிலும் கப்பலின் பூனை உயிர்பிழைப்பதைக் கவனித்து, துறைமுகச் செய்தியாளர் ஒருவரிடம் காரணம் கேட்டார். முன்பொரு முறை மூழ்கிய கப்பலில் மெய்யாகவே ஒரு பூனை இருந்ததாகவும், அதைக் காப்பாற்ற மாலுமிகள் திரும்பிச் சென்றதைத் தாம் மட்டும் எழுதியதால் பிற இதழ்களின் செய்தியாளர்கள் தத்தம் ஆசிரியர்களிடம் கண்டிப்புக்கு உள்ளானதாகவும், அடுத்த விபத்தில் பூனையே இல்லாதபோதும் அவர்கள் அதைச் சேர்த்து எழுதிவிட, சேர்க்காத தமக்குக் கண்டிப்பு விழுந்ததாகவும், அன்றுமுதல் எல்லோரும் தவறாமல் பூனையைச் சேர்த்துவிடுவதாகவும் அவர் விளக்கினார். பொய்ச் செய்தி உருவாவதற்குத் தீய நோக்கம் தேவையில்லை, போட்டியும் பின்தங்கிவிடுவோமோ என்ற அச்சமும் போதும் என்பதைத் தொழிலுக்குள்ளிருந்தே உணர்ந்த முதல் தலைமுறையினர் இவர்கள்.

பத்தாண்டுகள் கழித்து, 1923இல் பிரிட்டன் ஹேடனும் ஹென்றி லூஸும் தொடங்கிய டைம் வார இதழ், நாளிதழ்ச் செய்திகளைத் தொகுத்துச் சுருக்கித் தரும் இதழாக இருந்தமையால், பிறர் செய்த பிழை தன் பக்கங்களில் ஏறிவிடாமல் தடுக்க வேண்டிய தேவை அதற்கு எழுந்தது. நான்சி ஃபோர்டு என்ற இளம்பெண் இப்பணியை முதலில் ஏற்றார். தொடர்ந்து பட்டதாரிப் பெண்கள் பலர் பணியமர்த்தப்பட்டனர். நூலகக் குறிப்புகளோடும் ஆவணங்களோடும் ஒப்பிட்டு உறுதியான சொற்களின் மீது அவர்கள் புள்ளி வைத்தனர். புள்ளி விழாத சொல் அச்சுக்குப் போகாது என்பதே அம்முறையின் சாரம். நியூயார்க்கர் இதழ் 1927இல் கவிஞர் எட்னா செயின்ட் வின்சென்ட் மில்லேயைப் பற்றி வெளியிட்ட கட்டுரையில் பிழைகள் மலிந்திருந்ததையும், கவிஞரின் தாயார் அவற்றைச் சுட்டி மடல் எழுதியதையும் அடுத்து, அவ்விதழும் சரிபார்ப்பைத் தன் வழக்கமாக்கிக்கொண்டது. இந்த ஏற்பாடுகள் காத்தது முதன்மையாக இதழ்களின் நம்பகத்தன்மையைத்தான். அச்சகத்துக்கு வெளியே, சந்தையிலும் படித்துறையிலும் ரயில் நிலையத்திலும் வாய்வழி பரவும் செய்தியைச் சோதிக்க அப்போது யாரும் இல்லை.

அந்த வெளியை முறையாக ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவர் இந்தியர். 1934 ஜனவரி 15 அன்று பீகாரையும் நேபாளத்தையும் உலுக்கிய பெரும் நிலநடுக்கத்தை அடுத்துப் பரவிய வதந்திகளை ஜமுனா பிரசாத் என்ற உளவியலாளர் தொகுத்து, மறு ஆண்டில் பிரிட்டிஷ் உளவியல் ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டார். நிலம் அதிர்ந்த வேளையில் கங்கையின் நீர் மறைந்து, குளித்துக்கொண்டிருந்தவர்கள் மணலில் புதைந்தார்கள் என்பது அவற்றுள் ஒன்று. பாட்னாவைக் கடும் புயல் தாக்கப்போகிறது என்பது மற்றொன்று. அதிர்வை உணர்ந்தும் சேதத்தைக் காணாத பகுதிகளில் இத்தகைய பேரழிவுக் கணிப்புகள் செழித்திருந்தது புதிராகத் தோன்றியது. பின்னர் இத்தொகுப்பைப் படித்த அமெரிக்க உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர், நெஞ்சில் அச்சம் இருந்தும் கண்ணெதிரே அதற்குக் காரணம் இல்லாதபோது, அந்த அச்சத்துக்குப் பொருத்தமான காரணத்தை வதந்தி வழங்குகிறது என்று விளக்கினார். எண்ணங்களுக்கிடையிலான முரணைத் தாங்க முடியாமல் மனம் அதைக் குறைக்க முயலும் என்று கூறும் அவருடைய 1957ஆம் ஆண்டுக் கோட்பாடு, பீகாரின் வதந்திகளைப் பற்றிய இந்தச் சிந்தனையிலிருந்தே கிளைத்தது. வதந்தி அறியாமையால் மட்டும் பரவுவதன்று, ஏற்கெனவே இருக்கும் அச்சத்துக்குப் பிடிமானம் தருவதாலும் பரவுகிறது என்ற இந்தப் புரிதல், பின்வந்த சரிபார்ப்பு முயற்சிகள் அனைத்தையும் மதிப்பிட உதவும் அளவுகோலாகும்.

வதந்தியை எடுத்துக்கொண்டு, அதன் கீழேயே மறுப்பை அச்சிடும் வழக்கம் 1942 மார்ச்சில் பாஸ்டனில் பிறந்தது. பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்குப் பின் அமெரிக்கா போரில் இறங்கியிருந்த அந்நாள்களில், பாஸ்டன் ஹெரால்டு நாளிதழ் 'வதந்தி மருத்துவமனை' என்னும் பொருள்படும் பெயரில் ஞாயிறுதோறும் ஒரு பகுதியை வெளியிட்டது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கார்டன் ஆல்போர்ட்டும் அவருடைய மாணவர் ராபர்ட் நேப்பும் இதற்குத் துணைநின்றனர். பலரோடு பேசிப் பழகும் தொழிலில் இருந்த தன்னார்வலர்கள் காதில் விழுந்த வதந்திகளை எழுதி அனுப்ப, வாசகர்களும் அனுப்ப, அவற்றுக்கு உரிய அலுவலர்களிடமும் வல்லுநர்களிடமும் கேட்டுப் பெற்ற மெய்விவரம் 'உண்மை' என்ற தலைப்பின் கீழ் அச்சானது. நாற்பதுக்கும் மேற்பட்ட இதழ்கள் இம்முறையைப் பின்பற்றின. திரட்டப்பட்ட ஆயிரத்துச் சொச்சம் வதந்திகளை நேப் வகைப்படுத்தியபோது, 66 விழுக்காடு வெறுப்பை விதைப்பவையாகவும், 25 விழுக்காடு அச்சத்தை ஊட்டுபவையாகவும், 2 விழுக்காடு மட்டுமே நல்லது நடக்கும் என்ற ஆசையில் பிறந்தவையாகவும் இருந்தன. யூதர்களும் கறுப்பின மக்களும் அந்த வெறுப்பின் இலக்குகளுள் அடங்கியிருந்தனர் என்பதால், வதந்தி என்பது பெரும்பாலும் யாரோ ஒரு பிரிவினருக்கு எதிரான குற்றச்சாட்டே என்ற உண்மை எண்ணிக்கையோடு வெளிப்பட்டது.

இம்முயற்சிக்கு எதிர்ப்பு வந்த திசையும் கவனிக்கத்தக்கது. வதந்தியை மறுப்பதற்காக மறுபடி அச்சிடுவதே அதைக் கேள்விப்படாதவர்களிடமும் கொண்டுசேர்த்துவிடும் என்று அமெரிக்க அரசின் போர்க்காலத் தகவல் அலுவலகம் அஞ்சியது. அந்த அலுவலகத்தின் அதிருப்தியாலும் போர்ச்சூழல் மாறியதாலும் இப்பகுதிகள் ஓரிரு ஆண்டுகளில் மறைந்தன. ஒரு கூற்றைத் திரும்பத் திரும்பக் கேட்பவர்களுக்கு அது மெய்யெனப்படும் வாய்ப்பு கூடுகிறது என்பதை 1977இல் அமெரிக்க உளவியலாளர்கள் சோதனையால் காட்டினர் என்பதால், அந்த அச்சம் முற்றிலும் அடிப்படையற்றதன்று. ஆல்போர்ட்டும் லியோ போஸ்ட்மேனும் 1947இல் வெளியிட்ட நூல், விஷயம் கேட்பவருக்கு எவ்வளவு முக்கியமோ, அதைப் பற்றிய தெளிவு எவ்வளவு குறைவோ, அந்த இரண்டின் பெருக்கத்துக்கேற்ப வதந்தி பரவும் என்ற சூத்திரத்தை முன்வைத்தது. இவ்விரண்டுள் ஒன்று சுழியமானால் வதந்தியும் இல்லை என்பது இதன் உட்பொருள். மக்களுக்கு முக்கியமான ஒன்றை முக்கியமற்றதாக்க யாராலும் முடியாது, தெளிவைக் கூட்ட மட்டுமே முடியும் என்பதால், சரிபார்ப்போரின் களம் எது என்பதை இச்சூத்திரம் வரையறுத்துக் கொடுத்தது.

அரசியல் கூற்றுகளைச் சோதிப்பது தனித்துறையாக வளர்ந்தது 1988ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலுக்குப் பிறகுதான். அத்தேர்தலின் விளம்பரங்களில் சொல்லப்பட்ட குற்றச்சாட்டுகளைச் சோதிக்காமலே தொலைக்காட்சிகள் செய்தியாக மறுஒளிபரப்புச் செய்ததைக் கண்டு மனம் வருந்திய மூத்த பத்திரிகையாளர் டேவிட் புரோடர், விளம்பரக் கூற்றுகளைச் சோதிப்பது செய்தியாளர்களின் கடமை என்று வலியுறுத்தினார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் விளம்பரங்களைச் சோதிக்கும் பகுதிகள் பெருகியபோது, பென்சில்வேனியா பல்கலைக்கழகப் பேராசிரியர் கேத்லீன் ஹால் ஜேமிசன், விளம்பரத்தைத் திரை முழுவதும் காட்டிவிட்டு மறுத்தால் பார்ப்பவர் மனத்தில் விளம்பரமே தங்குகிறது என்று கண்டு, அதைச் சிறு பெட்டிக்குள் சாய்வாக அடைத்து, மேலே எச்சரிக்கைக் குறியிட்டுக் காட்டும் முறையை வகுத்தார். போர்க்காலத்தில் எழுந்த பழைய ஐயத்துக்குக் கிடைத்த நடைமுறை விடை இது. அவர் தலைமையிலான மையத்திலிருந்து 2003 இறுதியில் ஃபேக்ட்செக் அமைப்பும், புளோரிடாவின் நாளிதழ் ஒன்றிலிருந்து 2007இல் பாலிட்டிஃபேக்டும் தோன்றின. பின்னது 2009இல் புலிட்சர் பரிசு பெற்றது. அர்ஜென்டினா, பிரிட்டன், ஆப்பிரிக்க நாடுகள் என இவ்வழக்கம் பரவ, 2015இல் பன்னாட்டு உண்மைச் சரிபார்ப்பு வலையமைப்பு உருவாகி, மறு ஆண்டில் ஒரு நெறித்தொகுப்பை வெளியிட்டது. கட்சி சார்பின்மை, மூலச்சான்றுகளை வெளிப்படுத்துதல், நிதி வரவை அறிவித்தல், சோதிக்கும் முறையைச் சொல்லுதல், சொந்தத் தவறுகளை வெளிப்படையாகத் திருத்துதல் ஆகிய ஐந்தும் அதன் தூண்கள்.

இந்தியாவில் 2014 முதல் தலைகாட்டிய இம்முயற்சிகள், மலிவான இணையமும் வாட்ஸ்அப்பும் ஊர்தோறும் நுழைந்த பின் வேகம் பெற்றன. மும்பையின் பூம், அகமதாபாத்தில் 2017இல் தொடங்கிய ஆல்ட் நியூஸ், அதே ஆண்டில் சென்னையிலிருந்து தமிழில் இயங்கத் தொடங்கிய யூடர்ன் ஆகியவை குறிப்பிடத்தக்கவை. மறு ஆண்டே, இத்தொழில் எதற்காகத் தேவைப்படுகிறது என்பதைக் கொடூரமான முறையில் நாடு கண்டது. இருசக்கர வண்டியில் வரும் இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிச் செல்லும் காணொளி, பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருக்கிறது என்ற எச்சரிக்கையோடு பல மொழிகளில் பரவியது. அது பாகிஸ்தானின் கராச்சி நகரில் குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுக்காக எடுக்கப்பட்ட படம். குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டு அறிவிப்பைக் காட்டும் இறுதிக் காட்சி மட்டும் வெட்டப்பட்டிருந்தது. 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குப் போகும் வழியில் குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்த சென்னை மூதாட்டி ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டம் ரெயின்பாடா கிராமத்தில் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஐவர் கொல்லப்பட்டனர். அம்மாதமே வாட்ஸ்அப் நிறுவனம், பிறரிடமிருந்து வந்து அனுப்பப்படும் செய்திகளுக்கு அடையாளக் குறியிட்டதுடன், இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அவற்றை அனுப்ப முடியாதபடி வரம்பும் விதித்தது.

இத்தகைய காணொளியைச் சோதிக்கும் முறை பொறுமையை வேண்டுவது. காணொளியைத் தனித்தனிப் படங்களாகப் பிரித்து, அப்படங்கள் இணையத்தில் இதற்கு முன் எங்கெல்லாம் வந்துள்ளன என்பதைப் படத்தைக் கொண்டே தேடுவது முதற்படி. 2008இல் வந்த டின்ஐ, 2011இல் கூகுள் அறிமுகப்படுத்திய படத்தேடல் ஆகியவை இதை எளிதாக்கின. அடுத்து, கடைப் பெயர்ப்பலகையின் மொழி, வண்டியின் பதிவெண், காவலரின் சீருடை, பின்னணிப் பேச்சின் வட்டார வழக்கு ஆகியவற்றிலிருந்து இடம் கணிக்கப்படுகிறது. இறுதியில், அந்த இடத்தின் காவல் நிலையத்தையோ உள்ளூர்ச் செய்தியாளரையோ தொடர்புகொண்டு நடந்ததை உறுதிசெய்வது இன்றியமையாதது. படி ஒவ்வொன்றையும் வாசகர் தாமே நடந்து பார்க்கும்படி எழுதிக்காட்டுவதுதான் இம்முறையின் உயிர். சரிபார்த்தவரை நம்பச் சொல்வது மட்டும் போதாது.

2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகக் கூறிய காணொளிகள் வடமாநிலங்களில் பரவியபோது இத்தகைய சரிபார்ப்பின் தேவை மீண்டும் மெய்ப்பட்டது. ஒரு காணொளி வெளிமாநிலத் தொழிலாளர்கள் தங்களுக்குள் மோதிக்கொண்டதைக் காட்டுவது என்றும், மற்றொன்று கோவையில் உள்ளூர்வாசிகளுக்கு இடையே நடந்தது என்றும் அன்றைய காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு விளக்கினார். மறுப்பு இந்தியிலும் வெளியிடப்பட்டது. பீகாரிலிருந்து குழு வந்து நேரில் விசாரித்தது. அஞ்சியவர்களின் மொழியில், அவர்கள் நம்பக்கூடியவர் வாயிலாகத் தெளிவு சென்று சேர்ந்ததே இங்கு பயன்தந்தது.

எனினும் அரசு தன்னைப் பற்றிய செய்தியைத் தானே சரிபார்க்கலாமா என்பது வேறு கேள்வி. தமிழ்நாடு அரசு 2023இல் தகவல் சரிபார்ப்பகத்தை அமைத்தது. ஒன்றிய அரசின் பத்திரிகைத் தகவல் பணியகத்திலும் 2019 முதல் இத்தகைய பிரிவு உண்டு. விளக்கம் சொல்வதோடு நில்லாமல், பொய்யென அரசுப் பிரிவு அறிவித்ததைத் தொடர்ந்து வைத்திருக்கும் தளங்கள் சட்டப் பாதுகாப்பை இழக்க வழிவகுத்த 2023 ஏப்ரல் விதித்திருத்தத்தை மும்பை உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று நீக்கியது. மறுபுறம், 2016 முதல் சரிபார்ப்பு அமைப்புகளுக்கு நிதியளித்துவந்த மெட்டா நிறுவனம், அமெரிக்காவில் அந்த ஏற்பாட்டைக் கைவிடுவதாக 2025 ஜனவரியில் அறிவித்தது. அதிகாரத்தையோ ஒரு பெருநிறுவனத்தின் தயவையோ மட்டும் நம்பி நிற்கும் சரிபார்ப்பு நிலைத்திருக்காது என்பதை இவ்விரு நிகழ்வுகளும் உணர்த்துகின்றன.

பாஸ்டனில் யூதர்களும் கறுப்பின மக்களும், மகாராஷ்டிரத்தில் நாடோடிகளும், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களும் வதந்தியின் முன் நின்ற நிலை ஒன்றே: தம்மைப் பற்றிச் சொல்லப்படுவது பொய் என்று எடுத்துச்சொல்ல அவர்களுக்கு அங்கே மொழியோ செல்வாக்கோ அவகாசமோ போதுமானதாக இருந்ததில்லை. ஆகவே உண்மைச் சரிபார்ப்பை, கற்றவர்கள் பிறர் தவறைச் சுட்டிக்காட்டும் பணியாக எண்ணுவது அதன் வரலாற்றைக் குறைத்துக் காண்பதாகும். தனக்காகப் பேச முடியாதவருக்காகச் சான்று திரட்டும் பணி அது. வட்டார மொழிகளில், மாவட்டத் தலைநகர்களில், கட்சிகளையும் அரசையும் சாராமல், வாசகர்களின் சந்தாவாலும் பல்கலைக்கழகங்களின் துணையாலும் நிற்கும் சிறு சரிபார்ப்பு அமைப்புகள் பெருக வேண்டும். வதந்தி ஓர் ஊரை அடைவதற்குள் மெய்விவரம் அவ்வூரின் பேச்சுவழக்கில் போய்ச்சேர அதுவே வழி.